எஸ்.டபிள்யூ.ஆர். 1.2, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

திருகோணமலைக் கடலோரத்து உப்புவெளி வீட்டில், அமெச்சூர் வானொலிக்காக 40 மீட்டர் பேண்டுக்கான (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) டைபோல், அதாவது இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா, கட்டியிருக்கிறேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பக்கம் சுமார் 10 மீட்டர் செம்புக் கம்பி, நடுவிலிருந்து ரேடியோவுக்கு ஆர்.ஜி.58 கோஆக்ஸியல் கேபிள். மாரி மழைக்குப் பிறகு சென்னை நிலையங்கள் மங்கலாகத்தான் கேட்டன. கூப்பிட்டால் பதிலே இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) மட்டும் நல்லபடியாக 1.2.

கம்பி நீளம் பார்த்தேன், பிளக்கை மாற்றினேன், உயரத்தைக் கூட்டினேன். பல நாள் வீண்.

பலர் கவனிக்காதது இது: அந்த 1.2 பேண்ட் முழுக்க அசையவே இல்லை. கம்பி டைபோல் அப்படி இருக்காது, ஓரங்களில் ஏறும். சந்தேகப்பட்டு, மேலே கேபிளைக் கழற்றி முனையைச் சும்மா விட்டு, குறைந்த பவரில் சோதித்தேன். பவர் முழுக்கத் திரும்பி, மீட்டர் முள் கடைசிவரை ஓடியிருக்க வேண்டும். 2க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. அப்படியென்றால் பவர் திரும்பி வராமல் கேபிளுக்குள்ளேயே சூடாகித் தீர்கிறது.

மேல்முனையில் உறையைக் கீறினேன். உள்ளே இருந்த செம்புக் கம்பிப் பின்னல் கறுத்து, ஈரமாக, தொட்டால் பொடிந்தது. உப்புத் தண்ணீர் வெகுதூரம் உள்ளே இறங்கியிருந்ததால் நுனியை மட்டும் வெட்டிப் பயனில்லை.

புதுக் கேபிள் போட்டு, இணைப்பின் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். அன்று மாலையே சென்னையிலிருந்து 59, அதாவது தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்ற பதில். அப்பாடா! இனி ஒவ்வொரு மாரிக்கும் முன்பு அந்தத் திறந்த முனைச் சோதனை உண்டு.