பிள்ளையோடு விமானம் ஏறும் முன்

வெளிநாட்டில் வாழ்கையில், தன்னை ஏமாற்றித் திருமணம் செய்தது தெரிந்து, பிள்ளையோடு ஊருக்குக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்பது வேறு, பிள்ளை யாரிடம் வளர்வது என்பது வேறு. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் இந்து திருமணச் சட்டம், 1955-இன்படி, ஏமாற்றிச் சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்துசெய்ய, உண்மை தெரிந்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும், நீங்கள் அதற்கிடையே வக்கீலைப் பாருங்கள். பிள்ளைகளின் நிலை என்னாகுமோ என்ற பயம் வேண்டாம். ரத்தானாலும் அவர்கள் சட்டப்படியான பிள்ளைகளே என்கிறது 16-ஆம் பிரிவு.

அப்புறம், பிள்ளை விஷயம். வெளிநாட்டில் கணவரோடு வாழ்ந்த என் தோழியை வதைத்தது அதுதான். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று தொலைபேசியில் யோசனை சொல்ல எத்தனை பேர்! பள்ளி விடுமுறைக்கு மகளோடு இலங்கை போனாள், திரும்பவில்லை. கணவர் வாட்ஸ்அப்பில் "சரி, போயிட்டு வா" என்று எழுதியிருந்தார். அது விடுமுறைக்குத் தந்த சம்மதம் மட்டுமே. திரும்பும் தேதியோடு அவள் எடுத்த டிக்கெட்டே அவளுக்கு எதிரான சாட்சியானது.

நாடு விட்டு நாடு கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான சர்வதேச ஒப்பந்தம்தான் 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம். அதில் இலங்கை 2001-இல் சேர்ந்தது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சொன்ன தேதியில் திருப்பி அழைத்து வராவிட்டால், அதுவும் கடத்தலாகவே பார்க்கப்படும். பெற்ற தாய் என்பதால் விலக்கில்லை. ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட்டால், பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே அனுப்பச் சொல்வார்கள். தன்னை ஏமாற்றிக் கணவர் செய்த மோசடியை நீதிமன்றத்தில் சொல்லத் துடித்தாள் தோழி. யார் நல்ல பெற்றோர் என்பதை அந்த வழக்கில் விசாரிப்பதில்லை, எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும் என்பதுதான் அங்கே கேள்வி. அவள் அழுததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிள்ளைக்குப் பெரும் ஆபத்து என்று காட்டினால் விலக்கு உண்டு. ஆனால் ஆதாரம் வேண்டும். அடி, மிரட்டல் இருந்தால் நீங்கள் வாழும் நாட்டிலேயே போலீசில் புகார் கொடுங்கள், மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். ஊருக்கே போய்விடுவதென்றால் பிள்ளையின் மற்றொரு பெற்றோரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளையை அந்த மற்றொரு பெற்றோர் கொண்டுபோய்விடுவார் என்று பயமா? பயணத்தடை உத்தரவுக்கு உடனே நீதிமன்றம் போங்கள். இந்தியா இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே போய்விட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் மனு, போட வேண்டிவரும். பிள்ளையின் நலனை அந்த நீதிபதிகளே புதிதாக எடைபோடுவார்கள், வெளிநாட்டு உத்தரவு கையில் இருந்தாலும்.