ஆட்காட்டிக் கூட்டைப் படமெடுக்கும்போது

கொழும்புக்கு அருகே தலங்கம வாவியோர வெட்டைகளில் முட்டையிடும் ஆட்காட்டிப் பறவை, கூடென்று எதையும் கட்டுவதில்லை. தரையில் ஒரு சிறு குழி, சுற்றிவரக் கூழாங்கல், பெரும்பாலும் நான்கு முட்டை. மண்நிறத்தில் கரும்புள்ளி போட்டிருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. ஆகவே தேடி நடக்காதீர்கள். தூர நின்று தொலைநோக்கியால் பாருங்கள்.

பறவை எழும்பிக் கத்தினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். உடனே பின்வாங்குங்கள். அது விலகியிருக்கும் நேரத்தில் வெயில் முட்டையைச் சுடும், காகமும் இடத்தைக் கண்டுகொள்ளும். மறைக்கும் புல்லைப் பிடுங்கவே கூடாது.

400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், சத்தமில்லாத ஷட்டர், ஃபிளாஷ் வேண்டாம். கமெராவைத் தரையோடு வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். ஓடும் குஞ்சுக்கு ஷட்டர் வேகம் 1/1600 வினாடி, லென்ஸ் துவாரம் எஃப் 7.1 பொருந்தும். தானியங்கி ஃபோகஸ் முன்னால் நிற்கும் புல்லையே பிடிக்கும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். கொழும்பு வெயிலில் ஒன்பது மணிக்குப் பிறகு தரைச்சூடு காற்றை அலையவைத்துப் படத்தைக் குழப்பிவிடும். விடிந்த கையோடு எடுப்பதே நல்லது.

குஞ்சுகள் பொரித்துச் சில மணித்தியாலங்களிலேயே நடக்கும். தாய் எச்சரித்தால் அசையாமல் பதுங்கும். அப்படிக் கிடப்பதைக் கைவிடப்பட்டதென்று நினைத்துத் தூக்காதீர்கள். படத்தைப் பகிருமுன் இடத்தகவலை அழித்துவிடுங்கள்.