கத்திரி வெயிலில் மாட்டை வண்டியில் ஏற்றிப் போவது எப்படி?

பண்ருட்டிப் பக்கம் ஒரு கறவை மாடு வாங்கி, எல்லை தாண்டிப் புதுச்சேரி வில்லியனூருக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரம் அதிகமில்லை. ஆனாலும் மே மாதப் புழுக்கத்தில் அதுவே ஒரு ஜெர்சி கலப்பினத்தைச் சாய்த்துவிடலாம். வண்டி ஓடும்போது காற்றடிக்கும், மாடு சமாளித்துக்கொள்ளும். நிற்கும்போதுதான் ஆபத்து.

1. முந்தின நாளே அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டி, பயணம் செய்யத் தகுதி என்று சான்றிதழ் வாங்கிவிடுங்கள். எல்லையில் காகிதம் தேடிக்கொண்டு வண்டி வெயிலில் நிற்கக் கூடாது. நிறைமாதச் சினையா, காய்ச்சலா? பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

2. விடியற்காலை 4 மணிக்கு ஏற்றினால் வெயில் ஏறுமுன் இறக்கிவிடலாம். தீனி செரிக்கும்போது வயிற்றுக்குள் சூடு கிளம்பும். அதனால் காலையில் தவிடு, புண்ணாக்கு வேண்டாம். தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு காட்டுங்கள். பாலைக் கறந்துவிட்டு ஏற்றுங்கள்.

3. குட்டியானையில் (சின்ன லோடு வண்டியில்) ஒரு மாடும், தடுப்பு வைத்துக் கன்றும் போதும். லாரி என்றால் விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிப்படி 6 மாடுகளுக்கு மேல் கூடாது, கூடவே பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். இரும்புத் தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்கவில்லையா, தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, மணல் தூவி, மேலே வைக்கோல் பரப்புங்கள். தலைக்கு மேல் பச்சை நெட் கட்டலாம். நான்கு பக்கமும் தார்ப்பாய் மூடுவது மட்டும் கூடவே கூடாது, காற்று செத்துப்போகும்.

4. வண்டியின் பின்பக்கத்தை ஒரு மேட்டோடு ஒட்டி நிறுத்தினால் மாடு தானாக நடந்து ஏறும். வாலை முறுக்காதீர்கள், மிரண்ட மாட்டுக்கு உடம்புச் சூடு இன்னும் ஏறும். முகம் ஓட்டுநர் பக்கம் இருக்கட்டும். கயிற்றைத் தலை நிமிரும் அளவுக்கு விட்டு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

5. டீக்கடை, ரயில்வே கேட், எங்கே நின்றாலும் முதலில் மாட்டின் விலாவைப் பாருங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் வெப்பம் தாக்க ஆரம்பித்துவிட்டது. வாய் திறந்து, நாக்குத் தள்ளி, எச்சில் கொட்டினால் நிலைமை மோசம். அப்போது நிழலில் நிறுத்தி, காலில் தொடங்கி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிவிடுங்கள். நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால்தான் சூடு இறங்கும். ஈரச் சாக்கை முதுகில் போர்த்தினால் உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தலையைத் தூக்கித் தானே குடிக்கும் தெம்பிருந்தால் வாளியை நீட்டுங்கள். பிறகு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1962 என்ற தொலைபேசி எண்.

6. இறக்கியதும் நிழலில் கட்டி, தண்ணீரும் கொஞ்சம் பசுந்தீவனமும் கொடுங்கள். தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தை மாலைவரை தள்ளிப்போடலாம். அன்றைக்குப் பால் குறையும், அதற்காக ஊசி தேடி ஓட வேண்டாம். தீனி எடுக்காமல் படுத்தே கிடந்தால்தான் மறுபடி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.