பாட்டு நோட்டைப் படியெடுப்பது எப்படி

ஊர் வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் நேரே போவது கோயில் தர்மகர்த்தா வீட்டுக்கு. நான் அடுப்படிக்குப் போகச் சொல்வேன். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்ப் பெண்களின் கும்மியும் நலுங்கும் ஒப்பாரியும் பழைய நோட்டுகளில்தான் கிடக்கின்றன.

இதில் எனக்கு முன்னோடி ரூபி டேனியல். 1912ல் கொச்சியில் பிறந்த யூதப் பெண். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடிய பாட்டுகளை நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் நோட்டைப் பார்த்து இளையவர்கள் எழுதிக்கொள்வார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபோனபோது நோட்டுகளும் கூடவே போயின. 1951ல் போன ரூபி, வயதான காலத்தில் அந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மானுடவியலாளர் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து எழுதிய அவருடைய வாழ்க்கைக் கதை 1995ல் வெளிவந்தது. பாடி வளர்ந்தவரே பக்கத்தில் இருந்ததுதான் அந்த வேலையின் பலம். நீங்களும் நோட்டை மட்டும் தேடாதீர்கள், பாடுகிறவர் இருக்கும்போதே போய்விடுங்கள்.

போனதும் போனை நீட்டாதீர்கள். "எதுக்குக் கண்ணு இந்தப் பழைய குப்பை?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். காப்பி குடித்து, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி, பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். சரி என்ற பிறகு மின்விசிறியை நிறுத்துங்கள்; அந்தச் சத்தம் குரலை விழுங்கிவிடும். முதலில் முழுதாகப் பாடட்டும். நடுவில் அர்த்தம் கேட்டால் அடுத்த அடி மறந்துபோகும். ஒப்பாரியைச் சாவு விழாத வீட்டுக்குள் பாட மாட்டார்கள். வற்புறுத்தாமல் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்க் கேளுங்கள்.

யாரிடம் கற்றார், எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், எந்தச் சடங்கில் பாடுவார் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். இந்த மூன்றும் இல்லாத பாட்டு பாதிப் பாட்டுதான்.

அப்புறம் நோட்டு. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை படமெடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். நான் பார்த்த ஒரு நோட்டில் நலுங்குப் பாட்டுக்குப் பக்கத்திலேயே பால் கணக்கு இருந்தது, எந்த வருஷம் எழுதியது என்று சொன்னதே அந்தக் கணக்குதான். மலையாளிகளின் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால், ஆங்கில வருஷம் தெரிய, அதன் முதல் மாதமான சிங்கம் (ஆகஸ்ட் நடு) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே மலையாளப் பள்ளியில் படித்த பெண்கள் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதில் க, ச, த, ப ஒவ்வொன்றுக்கும் பல எழுத்து உண்டு. அவர் எப்படி உச்சரித்தார் என்பது அதிலேயே தெரியும். தமிழ் எழுத்துக்கு மாற்றினால் போய்விடும். அதனால் இரண்டையும் வையுங்கள். "தப்பு" என்று நினைத்து எதையும் திருத்தாதீர்கள். பண்டிதர் வேலைக்கு இங்கே இடமில்லை.

கல்லும் இதே மாதிரிதான். கேரளத்து எறணாகுளம் மாவட்டத்தில் சேந்தமங்கலம் யூதக் கோயில் முன்னால் 'இஸ்ரேலின் மகள் சாரா'வின் கல்லறைக் கல் நிற்கிறது, 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது, எபிரேய எழுத்து. எழுநூறு வருஷத்துக்கு மேல் ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிற கல். உங்கள் ஊர்க் கல்லில் எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்பும் மாவும் தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். இருட்டினால் டார்ச்சைப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தாலே எழுத்து எழும்பிவிடும்.

அசல் நோட்டை வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். படியில் ஒன்று உங்களிடம், ஒன்று ஊர் வாசகசாலையில், ஒன்று பாடினவர் வீட்டில். அந்த வீட்டுக்கு மட்டும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுங்கள். பென்டிரைவ் கொடுத்தால் பேரன் அதில் சினிமா ஏற்றிவிடுவான்.