வேனில் ஒரு வாரம், மடியில் ஸ்கெட்ச் புத்தகம்: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலாவது நாள் சாயங்காலம். எமரால்டு ஏரி தெரிகிற மாதிரி ஒரு காய்கறித் தோட்டத்து ஓரமாக வேனை நிறுத்திவிட்டு ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் தேதி. இரண்டாவது பக்கத்தில் மேட்டுப்பாளையம் டீக்கடையில் வரைந்த கண்ணாடி கிளாஸ். மூன்றாவதிலிருந்து எல்லாம் வெள்ளை. வண்டி மட்டும் அந்த நாலு நாளில் கோத்தகிரி, கொடநாடு, குன்னூர், ஊட்டி, பைக்காரா, கூடலூர் என்று 230 கிலோமீட்டர் சுற்றியிருந்தது.

வேன் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான். லாட்ஜ் போடாமல் வண்டியிலேயே படுப்பதன் லாபமே, பிடித்த இடத்தில் நின்றுகொள்ளலாம் என்பது. நாம் அதைப் பிடித்த இடத்துக்கெல்லாம் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். சாமான் ஏற்றிய வேன் மலைப்பாதையில் மணிக்கு 20, 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. மேப் காட்டுகிற நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று ஊர் என்று திட்டம் போட்டால் காலை வெளிச்சம் செக்போஸ்ட்டிலும் சாயங்கால வெளிச்சம் டிராஃபிக்கிலும் போய்விடும். மிச்சம் இருப்பது உச்சி வெயில். அப்போது மலையில் நிழலே விழாது. நிழல் இல்லாத மலையை வரைந்தால் குவித்துவைத்த மண் மாதிரிதான் வரும்.

ஏழு நாளுக்கு மூன்று இடம் போதும், இடத்துக்கு இரண்டு ராத்திரி. கோத்தகிரிப் பக்கம் ஒன்று, ஊட்டிக்குத் தெற்கே எமரால்டு பக்கம் ஒன்று, மூன்றாவது உங்கள் இஷ்டம்.

மாதமும் சீட்டும்

நீலகிரி முழுக்க ஒரே சமயத்தில் மழை பெய்யும் என்று நினைப்பது அடுத்த தவறு. கூடலூர், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரி என்று கிழக்குப் பக்கத்துக்கு அக்டோபர், நவம்பரில்தான் கனத்த மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. 2009 நவம்பரில் மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஜூலையில் அவலாஞ்சிக்கும் நவம்பரில் கோத்தகிரிக்கும் வேனில் படுக்கப் போகாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் வானம் நன்றாக இருக்கும், ரோட்டில்தான் இடம் இருக்காது. என் ஓட்டு ஜனவரிக்கு. குளிருக்குத் தயாராகப் போகவேண்டும், அவ்வளவுதான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. டி.என். 43 என்று ஆரம்பிக்கும் உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு. 2025 கோடையில் சாதாரண நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். கிளம்புவதற்கு முன் அன்றைய நிலவரம் என்ன என்று பார்த்துவிடுங்கள். இதில் வாடகைக்கு வேன் எடுப்பவர்கள் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. போன வாரமே பாஸ் எடுத்திருப்பீர்கள். கிளம்புகிற காலையில் வண்டி கொடுக்கிறவர்கள் "அந்த வண்டி சர்வீஸ்ல இருக்கு சார்" என்று வேறு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பாஸில் இருப்பது பழைய நம்பர். எங்களுக்கு அது நடந்தது. கல்லாறு செக்போஸ்ட் ஓரமாக நின்று போனில் மறுபடி விண்ணப்பித்தோம். அப்புறம், நாமே ஓட்டுகிற வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கவேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை மலிவாகத் தருகிறார்கள் என்று எடுத்தால், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸில் சிக்கல்.

சொந்த வேன் என்றால் கட்டிலையும் அலமாரியையும் வெல்டிங் வைத்துப் பொருத்திவிடாதீர்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் ஏற்காது. கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு பலகை, அதன்மேல் மெத்தை, கீழே இரண்டு பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம்.

இறக்கம்

ஏறும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். தவறு இறங்கும்போது நடக்கும். நடுவட்டம் தாண்டிக் கூடலூருக்கு இறங்கும்போது ரப்பர் கருகிய மாதிரி ஒரு வாசனை வந்தது. முன்னால் போகிற லாரி என்று நினைத்தேன். எங்கள் பிரேக்தான். நான்காவது கியரில் இறங்கிக்கொண்டு, நொடிக்கு நொடி பிரேக்கில் கால் வைத்திருந்தேன்.

பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் லைனிங் சூடேறிப் பிடிமானம் குறையும். சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். பழைய ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதனால் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் நிற்கும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சில் கால் வைத்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை. வாசனை வந்துவிட்டால் ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிரம் விரிசல் விடும். கொண்டை ஊசி வளைவில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இன்னொன்று, சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போடுங்கள். ராத்திரி பைக்கில் வருகிறவனுக்கு அது தெரியாது.

எங்கே படுப்பது

வியூ பாயிண்டில் வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம், காட்டோரப் புல்வெளியில் டென்ட் அடிக்கலாம் என்ற எண்ணத்தைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டிய மலையேற்றக் குழுவில் 23 பேர் உயிரிழந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. காட்டுக்குள் நடக்க ஆசையென்றால் 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு ஆரம்பித்த 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. வழிகாட்டியோடு போய்விட்டு வரலாம். படுக்கை தனியார் இடத்தில்தான். எஸ்டேட், ஹோம்ஸ்டே, காய்கறித் தோட்டம், எதுவானாலும் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து, அவர்கள் கழிப்பறையையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்த பிறகும் ஒரு தவறு பாக்கி இருக்கிறது. எமரால்டு தோட்டத்தில் ஓடைக்குப் பக்கத்தில், சமமாக, புல்லும் மெத்தென்று இருந்த இடமாகப் பார்த்து டென்டை விரித்தோம். தோட்டத்துக் காவல்காரர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, அங்க வேண்டாம். பள்ளத்துல பனி இறங்கும்."

"இல்லீங்க ஐயா, காத்து அடிக்காம இருக்கு இங்க."

"காத்து அடிக்காததுதான் வம்பு" என்றார், சிரித்துக்கொண்டே.

காலையில் டென்டின் மேல்துணி அப்பளம் மாதிரி நொறுநொறுத்தது. குளிர்ந்த காற்று கனம். ராத்திரி சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். நீலகிரியில் உறைபனி முதலில் வெளுப்பது ஓடைக்கரையும் தாழ்ந்த புல்வெளியும்தான். இருபது, முப்பது அடி மேலே, சரிவின் இடுப்பில் போட்டிருந்தால் தப்பித்திருப்போம். மேட்டுப்பாளையத்துக்கும் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கும் சாதாரணமாகவே 12 டிகிரி வித்தியாசம் இருக்கும். பள்ளம் அதற்கு மேலும் இறக்கிவிடும்.

வேனுக்குள் படுப்பவர்கள் கண்ணாடி எல்லாவற்றையும் இறுக்கி மூடுவார்கள். இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சு குளிர்ந்த தகரத்தில் படிந்து, விடிகாலையில் கூரையிலிருந்து சொட்டும். எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள்.

இனி சொல்வதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிருகிறது என்று கரி அடுப்பை, அணைந்த மாதிரி தெரிந்தாலும், வேனுக்குள்ளோ டென்டுக்குள்ளோ வைக்காதீர்கள். கங்கிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூக்கம் வருகிறது என்றுதான் தோன்றும். மலை ஊர்களில் இப்படிப் படுத்து எழுந்திருக்காதவர்கள் செய்தி பலமுறை வந்திருக்கிறது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பது முக்கியம். தகரத் தரை சூட்டை உறிஞ்சிவிடும்.

சமையலில் இரண்டே விஷயம். கையடக்க அடுப்புக்கு வருகிற நீள டின்னில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். குளிர் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே போனால் அது சரியாக ஆவியாகாது, அதனால் உறைபனிக் காலையில் டின் நிறைய காஸ் இருந்தும் அடுப்பு முனகும். ராத்திரி டின்னைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் காபி உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாமல் அழவைக்கும். சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள்.

சமைத்ததும் எண்ணெய்ப் பாட்டிலை வெளியே விடாதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக் கரடிகள் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறவை. தேயிலைக்கு நடுவே அசையாமல் நிற்கிற காட்டெருமை சாதுவாகத் தெரிகிறது என்று வரைவதற்குக் கிட்டே போவதும் கூடாது. உங்களுக்குத் தேவை அதன் முதுகுக் கோடுதான். அது தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும்.

வரைகிற தவறுகள்

முதல் நாளே மசி சிந்தியது. பாதி மசியுள்ள பேனாவைச் சட்டைப் பையில் வைத்து மலை ஏறினால், மேலே காற்றழுத்தம் குறையக் குறைய பேனாவுக்குள் இருக்கிற காற்று விரிந்து மசியை வெளியே தள்ளும். முழுசாக நிரப்பி, முனை மேலே பார்க்கிற மாதிரி வையுங்கள். இல்லாவிட்டால் காலியாகக் கொண்டுபோங்கள்.

கீழே பழகிய வாட்டர்கலர் கணக்கு மேலே செல்லாது. சென்னையில் ஐந்து நிமிஷத்தில் காய்கிற ஒரு பூச்சு பனிமூட்டத்தில் அரை மணி நேரமானாலும் ஈரமாகவே இருக்கும். பொறுமையில்லாமல் அதன்மேலேயே அடுத்த நிறத்தைப் போட்டால் இரண்டும் கலந்து சேறாகும். என் முதல் மூன்று படங்கள் அப்படித்தான் போயின. தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, ஒரே பூச்சோடு நிறுத்தி, மிச்சத்தைக் கலர் பென்சிலில் செய்துகொள்ளுங்கள். காகிதம் 300 ஜி.எஸ்.எம்.; மெல்லியது ஈரத்தில் நெளியும். அளவு ஏ5 போதும். ஏ3 புத்தகத்தைக் கொடநாடு காற்றில் பிடிப்பது பாய்மரம் பிடிக்கிற வேலை.

படத்துக்கு வருவோம். தூரத்து மலையையும் பக்கத்து மலையையும் ஒரே அழுத்தத்தில் வரைவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். இடையில் இருக்கிற காற்று நீல வெளிச்சத்தை அதிகம் சிதறடிப்பதால், மலை தள்ளிப் போகப் போக வெளுத்து நீலமாகும். கொடநாட்டிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தைப் பாருங்கள். எதிர்ச் சரிவில் ஒரு மரம்கூடத் தனியாகத் தெரியாது. ஆனால் அங்கே மரம் இருப்பது நமக்குத் தெரியும் என்பதால் கை தானாகப் போட்டுவிடும். கடைசி மலைக்கு ஒரே ஒரு வெளிறிய பூச்சு கொடுத்து விட்டுவிடுங்கள்.

தேயிலைத் தோட்டத்திலும் இதே கதைதான். செடி செடியாக வரைய உட்கார்ந்தால் கம்பளி பின்னுகிற மாதிரி ஆகிவிடும். பார்க்கவேண்டியது வரிசைகளுக்கு நடுவே ஓடுகிற இருண்ட சந்து. அது சரிவோடு வளைகிறது, மேட்டில் நெருங்குகிறது, நம் பக்கம் அகலுகிறது. அந்தக் கோடுகளில் ஏழெட்டைச் சரியாகப் போட்டாலே நிலத்தின் வளைவு வந்துவிடும். சோலைக் காட்டுக்கு இலையே வேண்டாம். தூரத்தில் அது அடுக்கிய காலிஃப்ளவர்தான். ஒவ்வொரு குமிழுக்கும் அடியில் நிழல் வைத்தால் போதும். நடுநடுவே செம்பு நிறத்தில் தெரிவது பூ இல்லை, கொழுந்து.

பனி மூடிவிட்டால் புத்தகத்தை மூடிவிடுகிறோம். எனக்கு நல்ல பக்கங்கள் கிடைத்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். காலடியில் பாசி ஏறிய கல், உதிர்ந்த யூகலிப்டஸ் காய், பூக்காத குறிஞ்சிப் புதர். 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030இல்தான் பூக்கும். இலையை வரைய அதுவரை காத்திருக்க வேண்டாமே. 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் தென்னிந்தியச் செடிகளை வரைந்த முறை இதற்கு நல்ல பாடம்: கிளையை அதன் போக்கில் ஒன்று, பூவைப் பிரித்துப் பக்கத்தில் தனியாக ஒன்று. கீழே விழுந்து கிடப்பதை மட்டும் எடுங்கள், பறிக்காதீர்கள்.

தோடர் பழங்குடியினர் குடியிருக்கிற மந்துக்குப் போனால் பென்சிலை எடுப்பதற்கு முன் கேளுங்கள், முக்கியமாகக் கோயில் பக்கம். பிரஷ்ஷை ஓடையில் அலசாதீர்கள். சில நிறங்களில் காட்மியமும் கோபால்ட்டும் உண்டு. எமரால்டு, குந்தா பக்கத்துத் தண்ணீர் பவானி வழியாகப் பில்லூர் அணைக்குப் போய்க் கோவைக்காரர்கள் குடிக்கிற தண்ணீராகிறது. அழுக்குத் தண்ணீருக்கென்று மூடி போட்ட ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். கலர் பெட்டியைத் திறந்துபோட்டு எழுந்து போகவும் போகாதீர்கள். என் பச்சைக் கலர் கட்டியை ஒரு குரங்கு தூக்கி, கடித்துப் பார்த்து, துப்பி, ஏமாற்றப்பட்ட முகத்தோடு என்னையே பார்த்தது. மிச்ச மூன்று நாளும் நீலத்தையும் மஞ்சளையும் கலந்துதான் ஓட்டினேன். சொல்லப்போனால் அந்தப் பச்சைதான் சோலைக்குப் பொருந்தியது.

கீழே இறங்கும் நாளில் புத்தகத்தை அப்படியே மூடிப் பைக்குள் திணித்துவிடாதீர்கள். மலையின் ஈரம் காகிதத்தில் இருக்கும். மேட்டுப்பாளையத்து வெயிலில் நிற்கிற வண்டிக்குள் அது புழுங்கி, எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபேனுக்குக் கீழே விரித்துவைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு மேலே கனமாக இரண்டு புத்தகத்தை ஏற்றி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். நெளிவு பெரும்பாலும் போய்விடும். மேட்டுப்பாளையத்து டீ கிளாஸ் பக்கம் மட்டும் நெளியாமலே வந்து சேர்ந்தது. அது மலை ஏறுவதற்கு முன்பே காய்ந்த படம்.