வண்டியை (வயிற்றுத் தொப்பையை) அளக்கிறபோது விடுகிற பிழைகள்

தராசில் ஏறி 60 கிலோ என்று கண்டவுடன் ‘எனக்கென்ன குறை’ என்று இறங்கிவிடுவதுதான் முதல் பிழை. 165 செ.மீ. உயரமான ஆணுக்கு அது உடற்திணிவுச் சுட்டி (எடையை உயரத்தோடு ஒப்பிடுகிற BMI கணக்கு) 22. கணக்குக்கு நல்ல எடை. ஆனால் அவரின் வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. என்றால் சலரோகமும் இதய நோயும் வரக்கூடிய ஆள்தான். கை கால் மெலிந்து வண்டி மட்டும் முன்னுக்கு நிற்பது தெற்காசிய உடம்பில் வழமை. அதனால்தான் ஐரோப்பிய ஆண்களுக்கு 94 செ.மீ. என்ற வரம்பு எங்கள் ஆண்களுக்கு 90 ஆக இருக்கிறது. பெண்களுக்கு 80. இந்த எண்கள் மறந்து போனால், சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டக் கூடாது என்பதை மட்டுமாவது நினைவில் வைத்திருங்கள்.

அளக்கிற இடத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. சாரம் கட்டுகிற இடமும் காற்சட்டை அளவும் வண்டிக்குக் கீழே கிடக்கும். ‘பத்து வருசமாக 34தான்’ என்பவரின் வண்டி அந்தப் பட்டிக்கு மேலால் வளர்ந்திருக்கும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். காலைச் சேர்த்து நின்று, தையல்காரர் வைத்திருக்கிற நாடாவை அந்தப் புள்ளி மட்டத்தில் நிலத்துக்குச் சமாந்தரமாகச் சுற்ற வேண்டும். முதுகுப் பக்கம் நாடா சரிந்தால் கணக்கு மாறும் என்பதால் இன்னொருவர் பார்ப்பது நல்லது. மூச்சை இயல்பாக வெளியே விட்ட முடிவில் வாசியுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். நாடா தோலை அழுத்தவும் கூடாது. இரண்டு தரம் அளந்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப அளக்க வேண்டும். சாப்பிட முதல் காலமையில் செய்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது.

கிள்ளினால் பிடிபடுகிற சதைக்குப் பயந்து, இறுகி நிற்கிற வண்டியைக் ‘கட்டுடம்பு’ என்று விடுவது அடுத்தது. கையில் பிடிபடுவது தோலுக்குக் கீழான கொழுப்பு. இறுகிய வண்டிக்குள்ளே பெரும்பாலும் குடலையும் ஈரலையும் சுற்றிய கொழுப்பு இருக்கும். அது விடுகிற கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போய், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் கெடுக்கின்றன. இடுப்பிலும் தொடையிலும் சேர்கிற கொழுப்பில் அந்த ஆபத்துக் குறைவு, முழங்காலுக்குத்தான் பாரம். இந்த இரண்டு வகையையும் பிரெஞ்சு மருத்துவர் ஜான் வாக் 1947இலேயே பிரித்துக் காட்டினார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கொழுப்பு வயிற்றுக்கு இடம்மாறும். எடை கூடாமலே சுற்றளவு கூடுவது அதனால்தான்.

வயிற்றுக்கு மட்டும் படுத்தெழும்புகிற பயிற்சி செய்வதிலும், பெல்ட் கட்டி வியர்ப்பதிலும் பிரயோசனம் இல்லை. பயிற்சி தசையைப் பலப்படுத்தும், மேலே இருக்கிற கொழுப்பை அந்த இடத்தில் கரைக்காது. வெட்டு மெசினும் மோட்டார் சைக்கிளும் வந்த பிறகு வயல்காரருக்கும் பழைய அலைச்சல் இல்லை. சோற்றுக் கோப்பை மட்டும் குறையவில்லை. கிழமைக்கு 150 நிமிடம் வேகநடை, கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும் என்று மாற்றுங்கள். பிளேன்ரீயையும் எண்ணிப் பாருங்கள்: இரண்டு தேக்கரண்டி சீனியோடு ஐந்து தரம் என்றால் நாளுக்கு 40 கிராமுக்குக் குறையாது. சாராயமும் ஈரலில் கொழுப்பாகத்தான் போய்ச் சேரும். எடையில் 5 வீதம் குறைந்தாலே உள்கொழுப்பு நன்றாக இறங்கும்.

எல்லாப் பருமனும் சாப்பாட்டால் வந்ததல்ல. முகம் வட்டமாக வீங்கி, கை கால் மெலிந்து, வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழுந்தால் ஸ்டீரொயிட் மருந்து காரணமாக இருக்கலாம். இழுப்புக்கும் மூட்டு வலிக்கும் எடுக்கிற குளிசைகளையும், பெயர் தெரியாத தூள் மருந்துகளையும் கிளினிக்குக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். நெடுநாள் எடுத்த ஸ்டீரொயிட்டைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. டொக்டர் சொல்லுகிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.