வாட்ச் திரையில் அழியாத தடமா? செய்யக்கூடாத சில தவறுகள்

போன மாதம் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது என்ன கறைன்னு பாரு, எவ்வளவு துடைச்சாலும் போக மாட்டேங்குது" என்றார். அவருக்குப் பாதுகாவல் வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். வாங்கிய நாளிலிருந்து ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளேயை (கையைத் தூக்காவிட்டாலும் திரை அணையாமல் மணி காட்டும் வசதி) அணைத்ததே இல்லை, இரண்டரை வருடம் ஆகிறது. நான் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு வெள்ளைப் படத்தைத் திரை முழுக்கத் திறந்து பார்த்தேன். நட்டநடுவில் மஞ்சளடித்த இரண்டு புள்ளிகள், ஒன்றுக்குமேல் ஒன்று. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே வருமே, அந்தப் புள்ளிகள்தான். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், அவை மட்டும் இரவும் பகலும் அதே இடத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் திரை சூட்டில் கருகிவிட்டது போலத் தோன்றும், உண்மையில் இது தேய்மானம். இன்றைய ஸ்மார்ட் வாட்சுகளில் பெரும்பாலும் ஓஎல்இடி திரைதான் (அமோலெட் என்பதும் அதில் ஒரு வகை). பின்னால் தனியாக விளக்கு கிடையாது, ஒவ்வொரு பிக்சலும், அதாவது திரையின் ஒவ்வொரு நுண்புள்ளியும், தானே ஒளிர்கிறது. அதில் இருக்கும் கரிமப் பொருள் எரிய எரிய மங்கும், அதிலும் நீலம்தான் சீக்கிரம் மங்கும். ஒரே இடத்தில் நீலம் மங்கிவிட்டால் அந்த இடத்தில் வெள்ளை மஞ்சளாகத் தெரியும், அண்ணன் வாட்சில் நடந்தது இதுதான்.

சரி, அப்படியென்றால் ஆல்வேஸ் ஆனை அணைத்துவிட வேண்டியதுதானே என்று பலரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். தேவையே இல்லை. ஆப்பிள் வாட்சில் இந்த வசதி 2019இல் சீரிஸ் 5உடன் வந்தது, கையை இறக்கியதும் திரையைத் தானே மங்கலாக்கிவிடும். கூகுளின் வேர் ஓஎஸ் மென்பொருளில் ஓடும் வாட்சுகளுக்கு அது வைத்திருக்கும் விதிப்படி, ஆல்வேஸ் ஆன் நிலையில் முகப்பில் (மணி காட்டும் திரைவடிவத்தில்) 15 சதவீதப் பிக்சல்களுக்கு மேல் எரியக்கூடாது, பல மாடல்கள் படத்தையே அவ்வப்போது சில பிக்சல் அங்கும் இங்கும் நகர்த்தும். கறுப்பாக இருக்கும் இடத்தில் பிக்சல் எரிவதே இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை.

சிக்கல் பெரும்பாலும் நாம் தேடிப்போய் இறக்கும் முகப்புகளில் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று தடித்த வெள்ளை எண், பட்டையான வளையம், மூலையில் நீலச் சின்னம் என்று எடுத்துப்போட்டு அதையே வருடக்கணக்கில் வைத்திருப்போம். எண்ணின் கோடு தடிமனாக இருந்தால் படம் சில பிக்சல் நகர்ந்து பயனில்லை, ஓரம்தான் ஓய்வெடுக்கும், நடுப்பகுதி எரிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் மெல்லிய கோட்டில் வரைந்த எண்ணோ, முள் சுற்றும் முகப்போ வையுங்கள், பின்னணி கறுப்பாக இருக்கட்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை முகப்பை மாற்றுங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது வெளிச்சம். இங்கே சிங்கப்பூரில், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் காலை 10 மணிக்கு ஓடும்போது திரை தெரியவில்லை என்று வெளிச்சத்தை உச்சத்தில் வைப்போம், அப்புறம் வீட்டுக்கு வந்து, படுத்து, மறுநாள் வேலைக்குப் போகும் வரை அது உச்சத்திலேயே இருக்கும். தானியங்கி வெளிச்சத்தில் விட்டுவிடுங்கள், வெயிலில் அதுவே கூடும், நிழலில் அதுவே குறையும். உடற்பயிற்சி முடியும்வரை திரை முழு வெளிச்சத்தில் அணையாமல் இருக்கும்படி சில செயலிகளில் ஒரு தெரிவு உண்டு, அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். தூங்கும்போது தூக்க முறையையோ தியேட்டர் முறையையோ போட்டுவிட்டால் திரை அணைந்திருக்கும், யாரும் பார்க்காத நேரத்தில் அது எதற்கு எரிய வேண்டும்?

சூடும் தேய்மானத்தை வேகப்படுத்தும். ஆப்பிள் தன் வாட்சைப் பயன்படுத்தச் சொல்லும் உச்ச வெப்பம் 35 டிகிரி, நம் ஊரில் மதியம் சாதாரணமாகவே 31, 32 டிகிரி. வீவக அடுக்குமாடி வீட்டில் மேற்கு வெயில் விழும் ஜன்னல் திட்டில் வைத்துச் சார்ஜ் போடுவது, கார் டேஷ்போர்டில் விட்டுவிட்டு உணவங்காடிக்குள் போவது, இரண்டும் வேண்டாம்.

தடம் தெரிந்ததும் பதறிப்போய்ச் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். வண்ணங்களை மாற்றி மாற்றிக் காட்டும் வீடியோவை இரவு முழுக்க ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி ஓடவிடுகிறார்கள். மங்கிய பிக்சல் திரும்பாது. மிச்சம் இருக்கும் நல்ல பிக்சல்களையும் சேர்த்துத் தேய்க்கிறீர்கள், அவ்வளவுதான். தற்காலிகமாகப் படம் ஒட்டிக்கொண்டது போலத் தெரிவதும் உண்டு, அது கொஞ்ச நேரம் திரையை அணைத்து வைத்தாலே போய்விடும். எது என்று தெரிய, இருட்டில் திரை முழுக்கச் சாம்பல் நிறப் படம் வைத்துப் பாருங்கள், அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக. மறுநாளும் அதே இடத்தில் தெரிந்தால் அது பர்ன்-இன்.

பழைய வாட்ச் வாங்குகிறவர்களும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் பேசி முடித்து எம்ஆர்டி நிலைய வாசலில் நின்றபடி வாங்குவோம், அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சாம்பல் படத்தைத் திறந்து, உள்ளங்கையைக் குவித்துத் திரையை மூடி, இடுக்கு வழியாகப் பாருங்கள். பணம் கொடுத்தபின் பார்த்து லாபமில்லை, ஏனென்றால் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம்) தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதற்குப் பொருந்தாது. கடையில் வாங்கியிருந்தால், அது பழைய பொருளாக இருந்தாலும், 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை கொடுக்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. ஆனால் வழக்கமான தேய்மானத்தை அந்தச் சட்டம் ஏற்காது, அதனால் வாங்கிய வாரமே சோதித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இன்னும் அதே வாட்சைத்தான் கட்டுகிறார், முள் முகப்புக்கு மாற்றிக் கொடுத்தேன், கறுப்புப் பின்னணியில் அந்தப் புள்ளிகள் தெரிவதில்லை. அடுத்தது என்ன வாங்கலாம் என்று கேட்டார். இரவெல்லாம் மணி தெரிய வேண்டும், பளிச்சென்ற வண்ணம் முக்கியமில்லை என்றால், கார்மின் இன்ஸ்டிங்ட் 2 மாதிரி வெளியொளியைத் திருப்பிக் காட்டும் திரை உள்ளதைப் பார்க்கச் சொன்னேன். அதில் பிக்சல் தானாக எரிவதில்லை. வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும், இருட்டில் மட்டும் ஒரு பொத்தானை அழுத்தி விளக்கைப் போட வேண்டும்.